முத்துப்பேச்சியின் கணக்கு மெஷின்

"இப்பெல்லாம் பழைய இரும்பை அலமாரியில வச்சிட்டு, வந்து பாருங்கன்னு கூப்புடுறானுக. வேற சோலியே இல்லை போல!"

முணுமுணுத்துக்கொண்டே ஏலப்பாறை வாசகசாலையின் பின்னறைக்குள் நுழைந்தார் நல்லமுத்து. எஸ்டேட் ஆபீஸ் பையன்கள் சம்பளமில்லாமல் மாலைகளில் நடத்துகிற பழைய கணக்கு மெஷின் காட்சிசாலை அது. அவர் மகள் முத்துப்பேச்சி நேற்றுவரை ஆபீசில் கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போட்ட மெஷின், துடைத்து நடுவில் வைக்கப்பட்டிருந்தது.

அவர் அதை அப்படியே தூக்கப் போனார். காட்சிசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் பையன், பாலக்காட்டுப் பரீது பதறி ஓடி வந்தான்.

"ஏனுங்க பெரியவரே, என்ன பண்றீங்க?"

"ஊட்டுக்குக் கொண்டு போறேன். புது கரண்டு மெஷின் வந்ததும் எம்மவ சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்கள்ல? இதுக்கு ஒரு மாலையும் போட்டுருங்கடா!"

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"ஒங்க பியூன் வர்கீஸுதான். முத்துப்பேச்சியைக் கயட்டியாச்சுன்னு இப்பத்தான் வழியில பல்லைக் காட்டிச் சொல்லிட்டுப் போறான். ஒரு பிள்ளையை வேலையை விட்டுக் கயட்டிவிட்டுட்டு என்னடா சிரிப்பு?"

பரீதுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரு மலையாளத்துல 'கயற்றி'ன்னு சொல்லிருக்காருங்க. மேல ஏத்தியாச்சுன்னு அர்த்தம். அந்தப் புது மெஷின்ல உட்காரப் போறதே உங்க மகதானுங்க!"

நல்லமுத்து மெஷினிலிருந்து மெல்லக் கையை எடுத்தார். முகம் மலரப் பார்த்தது, அவர் விடவில்லை.

"ஏத்துனவனுக்கு எறக்கத் தெரியாதாக்கும்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.