எடைமேடையில் பூஜ்யம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து கரும்பாலையின் எடைமேடைக் கணினி பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருந்தது. வெளியே கரும்பு லாரிகள் வரிசைகட்டி ஹாரனை அலறவிட்டன. ஆலையின் யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் திலகமணி, எடையைக் கணினிக்குக் கொண்டுவரும் சீரியல் போர்ட்டின் டிரைவர் மென்பொருளை ஆறாவது முறையாக அழித்து மறுபடி ஏற்றினாள். பூஜ்யம்தான்.

"இத எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று பல்லைக் கடித்தாள்.

"கரும்பு காயுதும்மா. எடை இறங்குதுன்னு லாரிக்காரங்க என் சட்டையப் பிடிக்கிறாங்க" என்றார் எடை எழுத்தர் பச்சையப்பன்.

"நான் என்ன இங்க பல்லாங்குழியா ஆடுறேன்?"

ஆத்திரத்தில் கணினியைத் திருப்பிக் கேபிளைப் பிடுங்கினாள். போர்ட்டின் ஒன்பது பின்களும் சந்தனத்தில் புதைந்து காய்ந்திருந்தன. நடுவில் நசுங்கிப்போன ஒரு குங்குமப் பொட்டு.

"எந்த மடையன் வெச்சான் இத?"

பச்சையப்பன் தரையைப் பார்த்தார். "நீங்கதாம்மா. நேத்து கேபிளக் கழட்டித் துடைச்சுட்டு, 'தராசு சொல்றத இது வழியாத்தான் கம்ப்யூட்டர் கேக்குது, முதல் பொட்டு இதுக்குத்தான்'னீங்க."

வெளியே இன்னொரு ஹாரனும் சேர்ந்துகொண்டது. சந்தனத்தைச் சுரண்டத் தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றியவள், சட்டென்று அவர்மேல் பாய்ந்தாள்.

"பார்த்துட்டு சும்மாவா நின்னீங்க?"

"சும்மா இல்லம்மா. கன்னத்துல போட்டுக்கிட்டேன்."