கணவரின் எடை

“கொஞ்சமாவது வெட்கம் இருக்கா சார் உங்களுக்கு?”

டயட்டீஷியன் கேட்டே விட்டாள். கேட்காமல் என்ன செய்வாள்? மனநலப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட பெண்ணாயிற்றே என்று, சர்க்கரை போடாத பிஸ்கட் ஒன்றைப் பிரியமாக நீட்டினால், புருஷன் குறுக்கே கையை விட்டு வாங்கிப் பாதியைக் கடித்து மென்று விழுங்குகிறார். மிச்சத்தைப் பெண்டாட்டி கையில் வைக்கிறார். அவளும் மறுபேச்சில்லாமல் தின்கிறாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. பழகிடுச்சு.”

“நல்ல பழக்கம்!”

மனைவியை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினாள். போன தடவையைவிட நாலு கிலோ கூட. ரத்தத்தில் சர்க்கரையும் எகிறியிருந்தது.

“இதுக்கு நான் இவங்களைத் திட்ட மாட்டேன். மனச்சிதைவுக்குக் குடுக்கிற மாத்திரை அப்படி. பசியைக் கிளப்பிவிடும், சர்க்கரையை ஏத்தும், ஆளைத் தூங்க வைக்கும். அதுக்காக நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

அவருக்குத் தெரியாதா? காதுக்குள் குரல்கள் விரட்ட, இவள் செருப்பில்லாமல் பஸ் நிலையம் வரை ஓடியிருக்கிறாள். பிடிக்கப் போனவரைக் கொலைகாரன் என்று நடுரோட்டில் அலறியிருக்கிறாள். இப்போது தானே தலை வாரிக்கொள்கிறாள். டி.வி. பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்து வீட்டம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கிண்டல்கூடப் பண்ணுகிறாள்.

“சாப்பாட்டுலதான் கட்டுப்பாடு வேணும். தினமும் நடக்கணும். கூட நடக்க வேண்டியவர் நீங்க. எங்கே, நீங்களும் ஏறுங்க பார்க்கலாம்.”

ஏறினார். முள் அவளையும் தாண்டிப் போய் நின்றது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரையும் அதே கதைதான்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தேம்மா. எந்நேரமும் கண்ணை இழுக்குது. பிள்ளைங்க உட்கார்ற வண்டி. பயந்துபோய்ச் சாவியைக் குடுத்துட்டேன்.”

“ஆக, தின்னுட்டுத் தூக்கம்.”

அவர் தொந்தி இடித்ததில் செருப்பைக் குனிந்து மாட்ட முடியாமல் நின்றார். மனைவிதான் உட்கார்ந்து மாட்டிவிட்டாள்.

டயட்டீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி வாயிலிருப்பதைப் பிடுங்கித் தின்பதுமல்லாமல், செருப்பு வேறு மாட்டிவிட வேண்டுமா?

“இன்னொண்ணு. இவங்களுக்குக் குடுக்கிற மாத்திரை பாதி மாசத்துலயே தீர்ந்துடுதாமே? தொலைஞ்சுபோச்சுன்னு வந்து நிக்கிறீங்களாமே? வெளியில விக்கிறீங்களா?”

“ஐயோ, இல்லம்மா!”

“டாக்டர்கிட்ட சொல்லிடறேன். இனிமே கூட ஒரு மாத்திரை கிடைக்காது உங்களுக்கு.”

அப்போதுதான் அந்த மனிதர் ஆடிப்போனார்.

“அப்படிச் செஞ்சிடாதீங்கம்மா. இவ பழையபடி ஆயிடுவா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையெல்லாம் எங்க போகுது?”

மனைவியை ஒரு தரம் பார்த்தார். அவள் எதிரில் அதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டா ஊமையாயிடுவீங்க. மாத்திரை போடறவங்க ஊதறாங்க, தூங்கி வழியறாங்க, அதுல நியாயம் இருக்கு. நீங்க எதுக்கு சார் ஊதறீங்க? உங்களுக்கு என்ன கேடு?”

அதுவரை சும்மா இருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவரை ஏங்க திட்டறீங்க? மாத்திரையில விஷம் இருக்குன்னு என் காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதான் தினமும் முதல்ல அவர் ஒண்ணை முழுங்கிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டுவார். அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னு நல்லாப் பார்த்துட்டுத்தான் நான் போட்டுக்குவேன்.”