ஏறுகிற வண்டிக்கு வழி

கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் தூக்கத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவேன் என்று டீக்கடைதோறும் முழங்குவான் லாரி டிரைவர் செங்கோடன். உரிமத்தைப் புதுப்பிக்க மறந்த அந்த ராஜாவை, மீசை முளைக்காதவர்களோடு கணினித் தேர்வுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல் ஏழு நாள் வீட்டுச் சோறு தின்றது, அதற்குப் படித்தபோதுதான். மனைவி பாவாயி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

“மலைப்பாதையில எதுக்கு வழி விடோணும் மாமா?”

“ஏறுற வண்டிக்கு.”

“எறங்குற வண்டிக்குன்னு போட்டிருக்குதே.” அவள் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பவில்லை.

செங்கோடன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். “பொஸ்தகமே சொன்னா சரிதான்,” என்றான்.

இரண்டு முறை எழுதினான். இரண்டு முறையும் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறி, அடுத்த தேர்வுவரை வீட்டிலேயே இருந்தான். இன்னொரு முறை தவறினால் வண்டிக்கு வேறு ஆள் போட்டுவிடுவதாக முதலாளி போனில் கத்தினார்.

மூன்றாம் தேர்வுக்குக் கிளம்பியவனைப் பாவாயி வாசலில் மறித்தாள்.

“அந்த மலைக் கேள்விக்கு நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன் மாமா. ஏறுற வண்டிக்குத்தான்.”

“இருவது வருசமா மலையேறுறவனுக்கு அது தெரியாதா புள்ள?”

“தெரிஞ்சேவா தப்ப அமுக்குனீங்க?” அவள் குரல் இறங்கியது. “இன்னிக்கு எதை அமுக்குவீங்க?”

செங்கோடன் குனிந்து செருப்பைத் தேடினான். வெகுநேரம் தேடினான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.