கணப்புக் கல்

ஓய்ரிக்கை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் அவள் கணவன் டோர்மோடின் கணப்பில் நெருப்பு உயிரோடிருந்தது. யாரோ இரவில் கங்குகளை மூன்றாகப் பிரித்துச் சாம்பலால் மூடியிருந்தார்கள். இரவுதோறும் அது ஓய்ரிக் செய்துவந்த வேலை.

கணப்பின் அடிக்கல், முன்னொரு காலத்தில் பகைக்குலத்தார் உள்ளே இருந்த ஆட்களோடு எரித்த எங்கள் குலத்துக் கோபுர வீட்டிலிருந்து டோர்மோட் பெயர்த்து வந்தது. அதை அங்கேயே திருப்பி வைக்கும்படி ஓய்ரிக் கடைசிவரை கேட்டாள்.

அவன் அக்கா கிர்ஸ்டி சாம்பலைப் பார்த்தாள்.

"நீ மூடியிருக்க மாட்டே. ஒரு தட்டு கழுவத் துப்பில்லை உனக்கு. அவ கேட்டதை இப்பவாவது செய்யுடா."

அன்றே டோர்மோட் கல்லை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோபுரத்தில் வைத்தான்.

விடிந்தபோது வீட்டுக் கணப்பு அணைந்திருந்தது. மேட்டில், கூரையில்லாத கோபுரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. ஏறிப் போனான். கல்லின் மேல் கங்குகள் மூன்றாகப் பிரித்து ஒழுங்காக மூடப்பட்டிருந்தன.

"ஓய்ரிக், கல்லை மறுபடி வீட்டுக்கே எடுத்துட்டுப் போகட்டுமா?"