நண்டுக் குழம்பு

"நான் குடுத்த மருந்தோட மகிமையைப் பார்த்தீங்களா? வயல்ல ஒரு குருத்துப்பூச்சிகூட இல்ல!"

தொட்டியம் விவசாயி வீரமலையின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பூரித்தார் விவசாய ஆபீசர் பாக்கியநாதன்.

"ஆஹா, நண்டுக் குழம்பு பிரமாதம்! காந்தி மார்க்கெட் நண்டா?"

"நம்ம வயல் நண்டுங்க" என்றாள் வீரமலையின் மனைவி பவுனம்மாள்.

ஆபீசர் கையிலிருந்த நண்டுக்கால் நழுவியது. "ஐயோ, மருந்தடிச்ச வயல் நண்டா!"

"பயப்படாதீங்க. மருந்து டின் பரண்லதான் இருக்கு. நண்டு செத்துட்டா இவருக்குச் சோறு இறங்காதேன்னு, தெளிக்கிற பம்புல அரிசி களைஞ்ச தண்ணியத்தான் ஊத்திக் குடுத்தேன். பூச்சியெல்லாம் சிலந்தியும் தட்டானும் தின்னுச்சு."

பக்கத்து இலையில், அதை மருந்தென்று நம்பி அடித்த வீரமலைக்குப் புரையேறியது.

ஆபீசருக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் ரெண்டு நண்டு போடுங்கம்மா" என்று இலையைக் காட்டினார். "மாதா புண்ணியம், என் மருந்தை நீங்க அடிக்கல!"