ஏரிக்குப் போகாதீங்க

“நில்லுங்க அங்கேயே. அந்த ஈரச் செருப்போட உள்ளே வராதீங்க.”

அல்போன்சா வராந்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த பின்னல் ஊசிகள் மட்டும் வேகமாக ஓடின. ரெமிஜியஸ் செருப்பைக் கழற்றி கேட்டுக்குப் பக்கத்திலேயே விட்டார். மணி எட்டு. காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரியில் இறங்கிய மனிதர் லிங்கராஜபுரத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

“காத்து நல்லா இருந்துச்சு அல்போன்சா. அதான் இன்னும் ரெண்டு ரவுண்டு...”

“காத்து நல்லாத்தான் இருக்கும். கரையில உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.”

இருபத்தெட்டு வருஷம் வகுப்பறையில் பிள்ளைகளை அதட்டிய குரல் அது. ரிட்டயர் ஆகியும் இறங்கவில்லை. ரெமிஜியசும் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சாதுவாகத்தான் இருந்தார். மார்ச் மாதம் க்ளென் வந்து கெடுத்தார். க்ளென் முன்னாள் ராணுவக்காரர். சின்னதாக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அறுபத்தாறு வயதில், நீச்சலும் தெரியாமல், ரெமிஜியஸ் அவரிடம் படகு விடக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அல்போன்சாவுக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

அதுவும் இந்தக் கோடையில். ஏப்ரலிலிருந்து வீடு சத்திரமாகிவிட்டது. மகள் லீனா மஸ்கட்டிலிருந்து வந்து போனாள். தங்கவயலிலிருந்து சித்தப்பா குடும்பம் வேன் பிடித்து வந்து இறங்கியது. வந்தவர்களெல்லாம் சோபாவில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்கள். மாலையானால் மே மாதத்து ஜெபமாலை, தினம் ஒரு வீட்டில். சனிக்கிழமை சாயந்தரம் கோவிலில் ஃபாதரின் வகுப்பு; பேரப்பிள்ளை வயதுப் பசங்களோடு பெஞ்சில் ஒடுங்கி உட்கார வேண்டும். மிச்ச நேரத்தில்தான் ஸ்வெட்டர்.

“மே மாசத்துல யாருக்கு இந்தக் கம்பளி?” ரெமிஜியஸ் பேச்சை மாற்றப் பார்த்தார்.

“தினம் ஏரியில ஊறிட்டு வர்றவருக்குத்தான். வேற யாருக்கு?”

கேட்டில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அல்போன்சாவின் தம்பி ஆண்ட்ரூ, வைட்ஃபீல்டிலிருந்து வருகிறான். கையில் கேக் டப்பா.

“என்ன ரெமி சார், உடம்பு பரவால்லையா? போன வாரம் படகு கவிழ்ந்துடுச்சாமே, க்ளென் சொன்னார். நல்ல வேளை, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தீங்க.”

பின்னல் ஊசிகள் நின்றன.

“கவிழ்ந்துச்சா?” என்றாள் அல்போன்சா.

“பெரிசா ஒண்ணுமில்லை. சும்மா கொஞ்சம் சாஞ்சுது.”

“என்னிக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

செவ்வாய்க்கிழமை இதே வராந்தாவில் உட்கார்ந்துதான் அவர் நாலு இட்லி சாப்பிட்டார். சட்டை ஏன் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது என்று கேட்டதற்கு, வழியில் மழை என்றார். அவளும் நம்பித் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அல்போன்சா ஊசியை உருவினாள். இரண்டு ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்வெட்டரில் பின்னி முடித்திருந்த ஒரு கையை அப்படியே பிரித்துத் தரையில் தள்ளினாள்.

“அக்கா, அதை ஏன் போய்...”

“நீ பேசாம இரு ஆண்ட்ரூ. முங்கினதைக்கூட நான் பொறுத்துக்குவேன். முங்கி எழுந்து வந்து, என் கையால சாப்பிட்டுக்கிட்டே பொய் சொல்லியிருக்கார் பாரு.” அவள் ரெமிஜியஸ் பக்கம் திரும்பினாள். “ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் இந்த ரோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். தினமும். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

குரல் உடைந்தது. அது வேறு அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டார். “சரி, விட்டுட்டேன். இனிமே ஏரிக்குப் போகலை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எட்டரை மணிப் பூசை. ஆண்கள் பக்கத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது. வாசகம் முடிந்தது. பிரசங்கமும் முடிந்தது. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தபோது பக்கக் கதவு வழியாக ரெமிஜியஸ் பூனை மாதிரி நுழைந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. அவளைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்து, இதுதான் கடைசி என்பதுபோல ஒரு விரலைக் காட்டினார்.

அல்போன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை அந்தச் சத்தியம். நாளைக்கு இதேபோல இன்னொரு கடைசி இருக்கும், அதற்கு மறுநாளும் இருக்கும், ஒரு நாள் க்ளென் மட்டும் தனியாக வந்து கேட்டைத் திறப்பார். நற்கருணை வாங்கக்கூட அவள் எழுந்து போகவில்லை. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது?

பூசை முடியும் நேரம் அறிவிப்புகள் வந்தன. ரத்த தான முகாம், பாடகர் குழு ஒத்திகை, தண்ணீர்த் தொட்டி பழுது. கடைசியாக ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தாளை எடுத்தார்.

“திருமண ஓலை, மூன்றாம் முறை. மனைவியை இழந்த ரெமிஜியசும் கணவரை இழந்த அல்போன்சாவும் வரும் புதன்கிழமை திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

பெண்கள் பக்கத்தில் நான்காவது பெஞ்சிலிருந்து அல்போன்சா எழுந்து நின்றாள்.

“எனக்கு இருக்கு ஃபாதர். கட்டினவர் ஒருத்தரை ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்துட்டேன். இவரை ஏரிக்குக் கொடுக்க என்னால முடியாது. கல்யாணத்தை நிறுத்துங்க.”