புகார்க் கடிதத்துக்கு ஒரு நகல்

"வயசுல பெரியவரைப் பாத்து இப்படியா சிரிக்கிறது?"

போஸ்ட் மாஸ்டர் கடிதத்தை மேசைமேல் போட்டார். இந்தத் தபால் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து மூன்றே நாள். அதற்குள் ஒரு புகார்.

எதிரே நின்றவள் மூன்றாம் கவுன்ட்டர்க்காரி. அவளுக்கும் சிரிப்புக்கும் ஏழாம் பொருத்தம் என்றுதான் அவர் கேள்விப்பட்டிருந்தார். அவள் இங்கே வந்த ஐந்து மாதத்தில் யாரும் அவள் பல்லைப் பார்த்ததில்லை. உம்மணாமூஞ்சி என்றே பெயர்.

"சிரிச்சது நிஜம்தான் சார். எச்சில் தடவின ஸ்டாம்ப் அவர் மீசையில ஒட்டிக்கிச்சு. அதோடயே ஆறு நிமிஷம் என்னைத் திட்டினார். அடக்கிப் பாத்தேன், முடியல."

போஸ்ட் மாஸ்டருக்கே உதடு துடித்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"அவர் கணக்கு வாத்தியாரா இருந்தவர். எப்படி எழுதியிருக்கார் பாருங்க. 'வாயின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒரே அளவில் காதை நோக்கிச் சென்றன. மேல் வரிசையில் எட்டுப் பற்கள் தெரிந்தன.'"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இடது ஓரமுமா சார்?"

"ஆமா."

"ஒரே அளவுன்னா போட்டிருக்கார்?"

"கிண்டலா? மெமோ கொடுத்தா சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏறிடும், தெரியுமில்ல?"

"கொடுங்க சார், வாங்கிக்கறேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒரு நகல் வேணும். டாக்டர்கிட்ட காட்டணும்."

"டாக்டர்கிட்டயா?"

"ஏழு மாசம் முன்னாடி முகவாதம் வந்துச்சு சார். இடது பக்கம் அசையவே இல்ல. சிரிச்சா வாய் கோணிக்கும்னு சிரிக்கிறதையே விட்டுட்டேன். தினம் மூணு வேளை, வேளைக்கு இருபது தடவை கண்ணாடி முன்னாடி பயிற்சி. 'கண்ணாடியைப் பாத்துச் சிரிக்கிறது கணக்குல வராது. உங்களை அறியாம சிரிக்கிறப்ப ரெண்டு பக்கமும் சமமா வருதான்னு யாராவது பாத்துச் சொல்லணும்'னு டாக்டர் சொல்லிட்டார்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டர் தம்மை அறியாமல் பற்களை எண்ணினார். எட்டுதான்.

மெமோ தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினார். "ஏம்மா, பாத்துச் சொல்ல வீட்டுல ஆளில்லையா?"

"ஏன் இல்ல? புருஷன், மாமியார், ரெண்டு பிள்ளைங்க. நாலு பேரும் முதல் வாரத்துலேருந்தே 'சரியாயிடுச்சு, சரியாயிடுச்சு'ன்னுதான் சொல்றாங்க. பிரியமா இருக்கறவங்க பேச்சை எப்படி சார் நம்பறது?"

நகலெடுக்கக் கடிதத்தைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இவருக்குத்தான் என்மேல துளிகூடப் பிரியம் இல்லையே."